தேய்த்துக் கழுவச் சொன்னவர்

எங்கள் தெருவுக்குக் கொசுப்புழு பார்க்க வரும் அக்கா சொன்னதை இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். “தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாதுக்கா, தேங்கா நாரு வச்சு சுவத்தைத் தேய்க்கணும்.”

காட்பாடியில் எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான். வாசலில் இரண்டு நீல டிரம், குளியலறையில் சிமென்ட் தொட்டி, அடுப்படியில் வரிசையாகக் குடங்கள் என்று எந்நேரமும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் இருப்போம். அந்த அக்கா வந்ததும் டிரம் மூடியைத் தள்ளிவிட்டு டார்ச்சைச் சாய்த்து அடிப்பார். நேராகப் பார்த்தால் தெளிந்த தண்ணீர். வெளிச்சம் சாய்வாக விழும்போது மேல்மட்டத்திலிருந்து நூல் துணுக்குகள் போல நெளிந்து கீழே இறங்கும். ஒருநாள் அதைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு என் கையில் கொடுத்தார். மூச்சுக்காக மேலே வந்து தலைகீழாகத் தொங்குகின்றன. டம்ளரை லேசாக ஆட்டினால் சுருண்டு அடிக்கு ஓடுகின்றன. பஸ் நிலையச் சுவரில் பெரிதாக வரைந்திருந்த கொசுப் படத்தை எத்தனையோ வருடமாகப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். டம்ளரைப் பார்த்த அன்றைக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் அந்த முட்டை சாகாது, மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டவுடன் பொரியும். முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெயிலுக்கு எட்டு, பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவு என்பதன் கணக்கு இதுதான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வாசல் கழுவும்போதே டிரம்மையும் சேர்த்துக்கொண்டோம். ‘அடிக்கடி கழுவுங்கள்’ என்று கேட்டிருந்த காலத்தில் ஒருநாளும் கழுவியதில்லை.

*

தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள் என்று எழுதுகிறார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில் அதை எப்படிச் செய்வது? அந்த அக்கா அப்படிச் சொல்வதே இல்லை. பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து டிரம் வாயில் கட்டச் சொல்வார். எங்கள் வீட்டு நிலைமை தெரிந்து சொன்ன வார்த்தை என்பதால் செய்ய முடிந்தது.

*

அவர் கண்டுபிடித்த இடங்கள், ஞாபகத்துக்கு: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு. கொல்லையில் போட்டுவைத்த ஆட்டுக்கல்லின் குழி. மொட்டை மாடியில் கிடந்த பெயின்ட் டப்பா மூடி. எதிர்வீட்டு மதில்மேல் பழைய ஸ்கூட்டர் டயர். மணி பிளான்ட் வைத்த பாட்டில், அதுவும் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்.

*

காய்ச்சல் பற்றியும் அவர்தான் சொன்னார். டெங்குவில் காய்ச்சல் அடிக்கும் நாட்களைவிட அது விடும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள் என்று. நாம் எல்லோரும் நேர்மாறாக நடந்துகொள்கிறோம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உடம்பு ஜில்லென்றானதும் ‘அப்பாடா, விட்டுடுச்சு’ என்று ரசஞ்சாதம் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சுருண்டு படுத்துக்கொள்வது, ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. ஆஸ்பிரின், புரூஃபன் வகையறா ரத்தக்கசிவைக் கூட்டும்.

தமிழ்நாட்டில் 2017-இல் மட்டும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு உறுதியானது. அந்த மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு பிளேட்லெட் எண்ணிக்கைதான் பேச்சு. பிளேட்லெட்டை வீட்டில் எண்ண முடியாது. கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று எண்ணலாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனை அவன் அம்மா ஐந்தாம் நாள் மாலை ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனது அந்தக் கணக்கை வைத்துத்தான். காலையிலிருந்து அவன் பாத்ரூம் பக்கமே போகவில்லை என்று கவனித்திருக்கிறார். மூன்று நாள் குளுகோஸ் ஏற்றித் திரும்பி வந்தான். இப்போது கல்லூரியில் மூன்றாம் வருஷம்.

*

அந்த அக்காவுக்குத் தினக்கூலி. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வீடு. நாய் துரத்துகிறது, சில வீட்டில் கதவையே திறப்பதில்லை, சில வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். இவ்வளவு பெரிய நோயை வாசலில் தடுத்து நிறுத்துகிற வேலைக்கு நிரந்தரம் இல்லை என்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்புகளை எழுதக் கூடாது.

*

வங்கதேசத்துக் கதை ஒன்று. தெரிந்த நாளிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் 1971. போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்களால் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாம் நிரம்பி வழிந்தது, காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகலனாபிஸிடம் ஏற்றுவதற்கான சலைன் தீர்ந்துபோனது. உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த சாவு நான்குக்குக் கீழே இறங்கியது. தாயின் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தால் பிழைக்கவைக்க முடியும் என்று அன்று நிரூபணமானது. அவர் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் அதற்குப் பிறகு வந்தது.

நிரூபணமானதை ஊருக்கெல்லாம் எப்படிக் கொண்டுபோவது? பிராக் என்ற அமைப்பு 1980 முதல் பத்து ஆண்டுகள் வங்கதேசக் கிராமங்களில் வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. அந்தக் கலவை பாக்கெட்டாகக் கிடைக்காத இடம் என்பதால் வீட்டுச் சாமானை வைத்தே அளவு சொன்னார்கள்: மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டருக்குக் கிட்டத்தட்டச் சமமான அவர்கள் ஊர் அரை சேர் தண்ணீர். கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம், போன வீடுகளின் எண்ணிக்கையை வைத்து இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போய் அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். நன்றாகச் சொன்னால்தான் முழுக் கூலி.

நினைவிருந்தது, ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது பலர் செய்யவில்லை. ஏன் என்று விசாரித்தால், கற்றுக்கொடுக்கப் போன பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் மாத்திரைதான் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அவர்களை வரவழைத்துக் கரைசல் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். வீட்டில் பணம் யார் கையில் இருக்கிறதோ அந்த ஆண்களிடமும் சந்தையிலும் மசூதியிலும் போய்ப் பேசினார்கள். முக்கியமான மாற்றம் இன்னொன்று. பயிற்சி கொடுக்கிறவர்கள் தாங்களே கலக்கிக் காட்டுவதை விட்டு, தாயையே கிள்ளிப் போடச் சொல்லி, கரைக்கச் சொல்லி, ருசி பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். இன்றைக்கும் உலகிலேயே வயிற்றோட்டத்துக்கு உப்புக் கரைசல் அதிகம் புகட்டும் நாடுகளில் ஒன்று அது.

வாயால் சொன்னது ஒரு மாதம் நினைவில் இருந்தது. கை கற்றுக்கொண்டது அம்மாவிடமிருந்து மகளுக்குப் போயிற்று.

*

நம் வீடுகளில் நடக்கும் தப்பு: அதே கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போடுவது. மீதியை மடித்து அஞ்சறைப் பெட்டியில் வைப்பது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கரைக்க வேண்டும். உப்பும் குளுகோஸும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். லிட்டருக்குக் குளுகோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கலக்கியதை ஒரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் இல்லாத ராத்திரியில் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நாக்கில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

மருந்துக் கடையில் வண்ணப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு விற்ற சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் பேசினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்துகளை அப்படிப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. அதைப் படித்த அன்று எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். இரண்டு பெட்டி இருந்தது.

*

பாம்புக்கடி. சினிமா பார்த்து நம் கை கற்றுக்கொண்ட மூன்று பாடமும் தப்பு: இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது. கட்டாதே, கீறாதே என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது. பதறுகிற நேரத்தில் கை சும்மா இருக்காது. அதற்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் வீக்கம் ஏறுவதற்குள் கழற்று. கடிபட்ட காலை ஒரு குச்சி வைத்துத் துணியால் ஆடாமல் தளர்வாகக் கட்டு. நடக்க விடாதே, தூக்கிப் போ. 108-க்குப் பேசு. கிராமத்து நூறுநாள் வேலை நடக்கும் இடத்தில் செவிலியர் ஒருவர் இதைச் செய்து காட்டியதைப் பார்த்தேன். ஒரு பாட்டியைப் படுக்கவைத்து இன்னொரு பாட்டியை விட்டு மெட்டி கழற்றச் சொன்னார். மெட்டி வரவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றினார்கள். வீங்கின காலில் அது என்ன ஆகும் என்று செவிலியர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

*

தீக்காயம்: இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீர். பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது, கடிகாரம் பார்த்து நிற்க வேண்டும். எங்கள் தெருவில் தண்ணீர் இல்லாத நாளாக இருந்தால் டிரம்மிலிருந்து மக்கால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டியதுதான்.

*

ஹெல்மெட்: நாடாவில் ‘டக்’ சத்தம் கேட்ட பிறகு வண்டியை எடு. நாடா போடாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் பறந்துவிடும்.

*

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெரியம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை அதில்தான் வருகிறது. தலைசுற்றல் நின்றதும் பெரியம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீணா விஷத்தைப் போடணும்?” என்றார். நான் போனில் மணிக்கணக்காகப் பேசியும் நடக்காதது, மாத்திரையோடு வீட்டுக்கு வரும் தன்னார்வலர் கேட்ட ஒரு கேள்வியில் நடந்தது: “காலி அட்டையைக் காட்டுங்க பெரியம்மா.” பெரியம்மா இப்போது காலி அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அவர் வந்தால் எடுத்துக் காட்ட.

*

ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் பெண்ணின் கணுக்காலுக்கு மேல் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது வரை. கழிப்பறைக்கு மூன்று மாடி ஏற வேண்டும் என்று தண்ணீரே குடிப்பதில்லை என்றார். 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது, ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று. கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது, கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. நான் போன கடையில் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பில் புத்தகமும் துணிப்பையும் இருந்தன. அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன், நானும் தரையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்து புடவை பார்த்தேன். மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை. நிறைய நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிற உடல்நல அறிவுரை எல்லாம் இந்தப் பெண்ணின் பதினோரு மணி நேரத்துக்குள் எங்கே நுழையும்? இங்கே கேட்க வேண்டியது அவரிடம் இல்லை, கடைக்காரரிடம்.

*

அப்பாவின் கால்.

சர்க்கரை வந்து இருபது வருஷம். போன ஆடி மாதம் ஒருநாள் சாயந்திரம் செருப்பைக் கழற்றியபோது இடது செருப்புக்குள் ஒரு சட்டைப் பித்தான் கிடந்தது. காலையிலிருந்து அதை மிதித்தே நடந்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே பித்தான் வடிவத்திலேயே தோல் வெளுத்து, நடுவில் நாலு துளையும் பதிந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. “வலிக்கலையாப்பா?” என்றேன். “என்னது?” என்றார். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. முதலில் காட்டிய இடத்தில் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், செருப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலி தெரியாத கால்களை ஆராய்ந்த தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரி எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில்தான். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகால்களைப் பற்றிக் கண்டறிந்ததெல்லாம் இந்த வட்டாரத்தில்தான். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்று அதுவரை உலகமே நம்பியது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் நின்ற இடத்தில் தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியும்வரை சாவி வெட்டியிருந்தது, அவனுக்குத் தெரியவே இல்லை. நோய் எடுத்துக்கொண்டது வலியை மட்டும்தான், விரலைத் தின்றது வலியில்லாமல் செய்த அன்றாட வேலைகள் என்று அங்கிருந்துதான் பிடிபட்டது. அவர் வேலை செய்த மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நோயாளிகள் தங்கியிருந்த குடியிருப்பில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிலருக்கு விரல் துண்டு காணாமல் போனது. விழித்திருந்து பார்த்தபோது எலி. தூங்குகிறவருக்கு உறைக்கவில்லை. அதன்பிறகு வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

தினமும் கையையும் காலையும் கண்ணால் பார்க்க வேண்டும், வலி செய்த வேலையைக் கண் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் நோயாளிகளுக்குக் கொடுத்த பாடம். அடிப்பாகம் மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பும் அந்தக் காலத்து முயற்சிகளில் வந்தது. இன்று தமிழ்நாடு முழுக்க எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குவது அதைத்தான். அப்பாவுக்கும் இப்போது அதுதான், பின்பக்கம் வார் வைத்தது.

எங்கள் வீட்டில் இப்போது உள்ள நடைமுறை: செருப்புக்குள் கைவிட்டுத் தடவிய பிறகே கால் நுழைப்பது. குளிக்கிற வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்ப்பது, ஏனென்றால் காலுக்குத் தெரியாது. ஆடி வெயிலில் கோயில் பிராகாரத்தில் சாக்ஸ் போட்டு நடப்பது. அதைக் கோயிலில் ஒருவர் தடுத்தபோது அப்பா காலைத் தூக்கித் தழும்பைக் காட்டினார், அவர் வழிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா சவரம் செய்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்ப்பார். கண் அவ்வளவாகத் தெரிவதில்லை என்பதால் டார்ச் அடிப்பது என் வேலை.

கொசு அக்கா டிரம்மில் அடிக்கிற மாதிரிச் சாய்த்து அடிக்கிறேன். நேராக அடித்தால் தோலின் வெடிப்பு தெரிவதில்லை.

நேற்று: வலது கால் சுத்தம். இடது கால் சுண்டுவிரல் இடுக்கில் கொஞ்சம் ஈரம், துடைத்தாயிற்று. அப்பா கண்ணாடியை எடுக்க விடவில்லை. “இரு, குதிகால் பக்கம் இன்னொரு தரம் அடி” என்றார்.